லேபர் எம்.பி.க்களுக்கு இங்கே பீர் கிடையாது: ஒரு ஸ்டிக்கரும் அதன் பின்னால் இருக்கும் வரிக்கணக்கும்

2025 டிசம்பரில் இங்கிலாந்தில் பல பப்களின் கதவுகளில் ஒரு ஸ்டிக்கர் முளைக்க ஆரம்பித்தது. "லேபர் எம்.பி.க்களுக்கு அனுமதி இல்லை." அவ்வளவுதான் வாசகம். லேபர் அங்கே ஆளுங்கட்சி. தெற்கே டோர்செட் கவுன்டியில், விம்போர்ன் ஊருக்குப் பக்கத்தில் ஓல்ட் தாட்ச் என்ற பப்பை நடத்துபவர் ஆரம்பித்து வைத்தது. முதலில் பக்கத்து ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்துகொண்டார்கள். ஓரிரு வாரங்களில் எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் போனது. புத்தாண்டுக்குள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டது என்றார்கள் ஏற்பாட்டாளர்கள். நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸின் சொந்தத் தொகுதியான லீட்ஸ் வெஸ்ட் அண்ட் பட்ஸியிலேயே ஒரு பப் அவருக்குத் தடை போட்டது. போர்ன்மவுத் பக்கத்து லேபர் எம்.பி. ஒருவர் தன் ஊர்க் கடையில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் கண்டித்து வீடியோ வெளியிட, அது ஸ்டிக்கருக்கே இலவச விளம்பரமாகிப் போனது.

டாஸ்மாக் பாரை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் இந்தச் செய்தி பிடிபடாது. அங்கே பப் என்பது குடிக்கிற இடம் மட்டுமில்லை. ஞாயிறு மதியம் குடும்பத்தோடு ரோஸ்ட் சாப்பிடப் போவார்கள். நாயைக் கூட்டிக்கொண்டு போய்க் கணப்புக்குப் பக்கத்தில் உட்காருவார்கள். சாவு வீட்டிலிருந்து நேராக அங்கேதான் போவார்கள். சில எம்.பி.க்கள் தொகுதி மக்களைச் சந்தித்துக் குறை கேட்பதுகூட அங்கேதான். தேர்தல் வந்தால் எந்தக் கட்சித் தலைவரும் பப் கவுன்டருக்குப் பின்னால் நின்று, கைப்பிடியை இழுத்து ஒரு பைன்ட் பீர் ஊற்றுவதைப் போட்டோ எடுக்காமல் விட மாட்டார்கள். மதுவே தொடாத ரிஷி சுனக்கும் ஊற்றியிருக்கிறார். 2023 ஆகஸ்டில் லண்டன் பீர் திருவிழாவில் அவர் அப்படி ஊற்றிக்கொண்டிருந்தபோது, அதே நாளில் அமலுக்கு வந்த மதுத் தீர்வை உயர்வைச் சொல்லி பப் நடத்துபவர் ஒருவர் முகத்துக்கு நேரே சத்தம் போட்டார். நானும் உங்களில் ஒருவன் என்று காட்டிக்கொள்ள பிரிட்டிஷ் அரசியல்வாதிக்குக் கிடைத்திருக்கிற மலிவான மேடை அந்தக் கவுன்டர். அதிலிருந்து இறக்கிவிட்டால் வலிக்கும்.

சரி, எதற்கு இவ்வளவு கோபம்?

2025 நவம்பர் 26 அன்று ரீவ்ஸ் தாக்கல் செய்த பட்ஜெட்தான் பொறி. அதில் அவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டால் பப்காரர்கள் கொண்டாடியிருக்க வேண்டும். கடைகள், உணவகங்கள், பொழுதுபோக்கு இடங்கள் என்று ஏழரை லட்சம் சொத்துகளுக்கு வணிகச் சொத்து வரி விகிதம் நிரந்தரமாகக் குறைகிறது, 1991க்குப் பிறகு இதுதான் மிகக் குறைந்த விகிதம் என்றார். பொய் சொல்லவில்லை. விகிதம் உண்மையாகவே குறைந்தது. ஆனால் அடுத்த சில நாட்களில் பப்காரர்கள் தங்கள் கட்டடத்தின் புதிய மதிப்பீட்டை இணையத்தில் தேடிப் பார்த்து, கால்குலேட்டரில் பெருக்கிப் பார்த்தபோது பில் ஏறியிருந்தது. விகிதம் இறங்கி பில் ஏறுவது எப்படி என்பதில்தான் முழுக் கதையும் இருக்கிறது.

பிசினஸ் ரேட்ஸ் என்று அவர்கள் சொல்லும் இந்த வரிக்கு இரண்டு உறுப்புகள். ஒன்று, அந்தக் கட்டடத்தை வாடகைக்கு விட்டால் வருஷத்துக்கு எவ்வளவு வரும் என்று அரசின் மதிப்பீட்டு அலுவலகம் போடும் தொகை. இன்னொன்று, அந்தத் தொகையில் பவுண்டுக்கு இத்தனை பென்ஸ் (நூறு பென்ஸ் ஒரு பவுண்டு) என்று அரசு வைக்கும் விகிதம். இரண்டையும் பெருக்கினால் பில். பட்ஜெட் உரையில் இரண்டாவது உறுப்பை மட்டும் பேசினார் நிதியமைச்சர். முதலாவது சத்தமில்லாமல் மாறிக்கொண்டிருந்தது.

மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மறுமதிப்பீடு நடக்கும். 2023இல் அமலுக்கு வந்த மதிப்பீடு 2021 ஏப்ரல் 1 நிலவரப்படி போட்டது. அந்தத் தேதியை யோசித்துப் பாருங்கள். கொரோனா ஊரடங்கில் இங்கிலாந்தின் பப்கள் பூட்டிக் கிடந்த நாள் அது. தோட்டத்தில் மேசை போட்டுப் பரிமாறவே ஏப்ரல் 12 வரையிலும், உள்ளே உட்கார வைக்க மே 17 வரையிலும் காத்திருந்தார்கள். பூட்டிய பப்புக்கு என்ன வாடகை மதிப்பு இருக்கும்? அதனால் எண் தாழ்வாக விழுந்தது. அடுத்த மறுமதிப்பீடு, அதாவது 2026 ஏப்ரலில் அமலுக்கு வருவது, 2024 ஏப்ரல் 1 நிலவரப்படி. கூட்டம் திரும்பி வந்துவிட்ட காலம். தரையிலிருந்து எழுந்து நின்றவனைப் பார்த்து இவன் மூன்று வருஷத்தில் எவ்வளவு வளர்ந்துவிட்டான் என்று வியந்தால் எப்படியோ, அப்படித்தான் கணக்கு வந்தது.

பப்புக்கு மட்டும் இன்னொரு வில்லங்கம் உண்டு. சாதாரணக் கடை என்றால் தெருவில் இத்தனை சதுர மீட்டருக்கு இவ்வளவு வாடகை என்று பார்த்துப் போட்டுவிடுவார்கள். பப்பை அப்படிப் போடுவதில்லை. அந்த இடத்தை ஓரளவு திறமையான ஒருவர் நடத்தினால் வருஷத்துக்கு எவ்வளவு வியாபாரம் நடக்கும் என்று ஊகித்து, அதில் ஒரு விகிதத்தை வாடகை மதிப்பாக எடுக்கிறார்கள். லாபத்தை வைத்து இல்லை, விற்றுமுதலை வைத்து. விலைவாசி ஏறிய வருஷங்களில் பார்லியும் மின்சாரமும் சம்பளமும் ஏற, பைன்டின் விலையும் ஏறியது. கல்லாவில் விழும் தொகை பெருத்தது, கையில் நிற்பது சுருங்கியது. மதிப்பீட்டு அலுவலகத்தின் கண்ணுக்குத் தெரிவது பெருத்த தொகை.

மூன்றாவது அடி தள்ளுபடியில். கொரோனாவில் ஆரம்பித்த வரித் தள்ளுபடி வருஷா வருஷம் உருமாறி, கன்சர்வேடிவ் ஆட்சியின் கடைசிக் காலத்தில் 75 சதவீதமாக நின்றது. 2025 ஏப்ரலில் அதை 40 சதவீதமாகக் குறைத்தார் ரீவ்ஸ். 2026 ஏப்ரலில் அது முற்றிலும் போகிறது. அதற்குப் பதிலாகத்தான் அந்தக் குறைந்த நிரந்தர விகிதம்.

மூன்றையும் சேர்த்து ஒரு கற்பனைப் பப்பின் பில்லைப் போட்டுப் பார்ப்போம். வாடகை மதிப்பு 30,000 பவுண்டு என்று வையுங்கள். 2025-26இல் சிறிய சொத்துக்கான விகிதம் பவுண்டுக்கு 49.9 பென்ஸ். பெருக்கினால் 14,970. தள்ளுபடி 40 சதவீதம் போனால் கட்ட வேண்டியது 8,982 பவுண்டு. இப்போது மறுமதிப்பீட்டில் வாடகை மதிப்பு 30 சதவீதம் ஏறி 39,000 ஆகிறது. புதிய சலுகை விகிதம் 38.2 பென்ஸ். பெருக்கினால் 14,898. தள்ளுபடி இல்லாத பழைய பில்லோடு ஒப்பிட்டால் 72 பவுண்டு குறைவு, நிதியமைச்சர் சொன்னது சரி. பப்காரர் நிஜமாகக் கட்டிக்கொண்டிருந்த தொகையோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட 66 சதவீதம் அதிகம், பப்காரர் சொன்னதும் சரி. ஒரே கணக்கை இரண்டு பேரும் இரண்டு இடத்திலிருந்து தொடங்குகிறார்கள்.

இந்த ஏற்றம் ஒரே மூச்சில் தலையில் விழாதபடி அரசு ஒரு உச்சவரம்பும் வைத்தது. நம் கற்பனைப் பப் போன்ற நடுத்தர அளவுக்கு முதல் வருஷம் 15 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது. எனவே 2026-27இல் கட்ட வேண்டியது சுமார் 10,329 பவுண்டு. அப்புறம் வருஷா வருஷம் அந்த வரம்பு தளர்ந்து, பில் முழு உயரத்துக்குப் போய் நிற்கும். 430 கோடி பவுண்டு உதவி என்று அரசு சொன்னது பெரும்பாலும் இந்தப் படிப்படியான ஏற்றத்துக்கான செலவு. சராசரி பப்பின் வரி மூன்று வருஷத்தில் 76 சதவீதம் ஏறும், பெரிய சூப்பர்மார்க்கெட்டுக்கோ 4 சதவீதம்தான் என்று பப்களோடு உணவகங்களும் ஹோட்டல்களும் சேர்ந்த யூகே ஹாஸ்பிடாலிட்டி என்ற தொழில் அமைப்பு ஒரு கணக்கை வெளியிட்டது. அந்த இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றபோது விவாதம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஆயிரம் விளக்கம் சொன்னாலும் யார் கேட்பார்கள்?

இதற்கு முன்னாலேயே வயிற்றெரிச்சல் இருந்தது. 2025 ஏப்ரலில் தொழிலாளிக்காக முதலாளி கட்டும் தேசியக் காப்பீடு 13.8 சதவீதத்திலிருந்து 15 ஆனது. அதைவிட முக்கியம், அது தொடங்கும் சம்பள வரம்பு வருஷத்துக்கு 9,100 பவுண்டிலிருந்து 5,000க்கு இறங்கியது. வாரத்தில் இரண்டு மூன்று மாலை மட்டும் வேலை பார்க்கும் மாணவர்களையும் வீட்டுப் பெண்களையும் நம்பி ஓடும் தொழில் இது. அதுவரை கணக்கிலேயே வராத அந்தப் பகுதிநேர ஆட்கள் பலருக்கும் வரி கட்ட வேண்டியதாயிற்று. கூடவே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு, 2026 ஏப்ரலில் 12.71. கூலி உயர்வை நான் குறை சொல்ல மாட்டேன், மேசை துடைப்பவருக்கும் வீட்டு வாடகை இருக்கிறது. ஆனால் எல்லாம் ஒரே ஏப்ரலில், ஒரே கல்லாவிலிருந்து போகிறது. 2000இல் நாட்டில் அறுபதாயிரத்துக்கு மேல் பப்கள் இருந்தன. இப்போது 45,000 அளவில் நிற்கிறது. இதற்கு லேபர் அரசை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. புகைபிடிக்கத் தடை, சூப்பர்மார்க்கெட்டின் மலிவு பீர், குடிப்பழக்கமே குறைந்துவிட்ட இளைய தலைமுறை என்று பட்டியல் நீளும். ஸ்டிக்கரில் அதையெல்லாம் எழுத இடம் போதாது.

இனி எல்லோரும் கேட்ட கேள்வி: எம்.பி.யை வெளியே போ என்று சொல்லச் சட்டத்தில் இடம் இருக்கிறதா?

இருக்கிறது. யாருக்குப் பரிமாறுவது, யாரைத் திருப்பி அனுப்புவது என்பது பப் நடத்துபவரின் உரிமை. காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. ரகளை செய்கிற வாடிக்கையாளருக்கு வாழ்நாள் தடை போடுவது அங்கே சர்வ சாதாரணம். ஒரு ஊரின் பப்கள் கூட்டு வைத்துக்கொண்டு, ஒன்றில் தடைபட்டவனை எல்லாவற்றிலும் தடுப்பதும் உண்டு. எல்லைக்கோடு 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தில் இருக்கிறது. வயது, ஊனம், பாலின மாற்றம், திருமணம், கர்ப்பம், இனம், மதம் அல்லது நம்பிக்கை, பாலினம், பாலின ஈர்ப்பு என்று ஒன்பது பாதுகாக்கப்பட்ட அடையாளங்கள். அந்தப் பட்டியலில் அரசியல் கட்சி இல்லை.

இங்கே வக்கீல்கள் கொஞ்சம் இருமுவார்கள். "நம்பிக்கை" என்பதில் தத்துவ நம்பிக்கையும் அடக்கம். ஜனநாயக சோஷலிசத்தில் பிடிப்பு என்பது அப்படிப்பட்ட நம்பிக்கைதான் என்று 2013இல் ஒரு தொழிலாளர் தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. எனவே "சோஷலிஸ்டுகளுக்கு இடமில்லை" என்று பலகை வைத்திருந்தால் சிக்கல் வந்திருக்கலாம். ஸ்டிக்கர் ஒட்டியவர்கள் அந்தப் பக்கமே போகவில்லை. லேபருக்கு ஓட்டுப் போட்டவர் தாராளமாக உள்ளே வரலாம், பட்ஜெட்டுக்கு ஆதரவாகக் கை தூக்கியவர் வரக்கூடாது. தடை மனசாட்சிக்கு இல்லை, பதவிக்கு. 2024 தேர்தலில் லேபருக்குக் கிடைத்தது 411 இடங்கள். ஆக, நாட்டில் நானூற்றுச் சொச்சம் பேருக்கு மட்டும் பொருந்தும் தடை. அதில் தன் ஊர் எம்.பி.யைத் தவிர வேறு யாரையாவது கவுன்டர் பையனுக்கு முகம் பார்த்து அடையாளம் தெரியுமா என்பது வேறு விஷயம்.

கடல் தாண்டி வட அயர்லாந்துக்குப் போனால் கதை மாறுகிறது. 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் அங்கே செல்லாது. அங்கே 1998இல் வந்த வேறொரு ஆணை அரசியல் கருத்தை வைத்துச் சேவை மறுப்பதையே தடுக்கிறது. எந்தத் தெருவில் எந்தப் பப்பில் யார் குடிக்கலாம் என்பதற்காக ரத்தம் சிந்திய பூமி, அதனால் வந்த சட்டம். அமெரிக்காவிலும் இப்படித்தான், ஊருக்கு ஊர் வேறுபடும். தலைநகர் வாஷிங்டனின் மனித உரிமைச் சட்டத்தில் அரசியல் சார்பு பாதுகாக்கப்பட்ட அடையாளம். 2018இல் டிரம்பின் செய்திச் செயலாளர் சாரா சாண்டர்ஸை எழுந்து போகச் சொன்ன ரெட் ஹென் உணவகம் இருந்தது வர்ஜீனியா மாநிலத்தில், அங்கே அந்தப் பாதுகாப்பு இல்லை.

சேவை மறுப்பு என்பதை வெறும் வேடிக்கையாக எடுத்துக்கொள்ள முடியாதபடி பிரிட்டனிலேயே ஒரு கசப்பான வரலாறு கிடக்கிறது. 1943இல் மேற்கிந்தியத் தீவுகளின் கிரிக்கெட் நட்சத்திரம் லியரி கான்ஸ்டன்டைன் லார்ட்ஸ் மைதானத்தில் ஒரு போட்டிக்காக லண்டன் வந்தார். ரஸ்ஸல் சதுக்கத்து இம்பீரியல் ஹோட்டலில் நான்கு நாளுக்கு அறை பதிவு செய்திருந்தார். வந்து சேர்ந்ததும், ஒரு இரவு மட்டும் தங்கிக்கொள்ளுங்கள், கறுப்பரோடு தங்க மாட்டோம் என்று அமெரிக்க வெள்ளைச் சிப்பாய்கள் சொல்கிறார்கள் என்றது நிர்வாகம். அவர் வழக்குப் போட்டார். நிறவெறியைத் தடுக்க அன்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் சத்திரக்காரன் வழிப்போக்கனை ஏற்றுக்கொண்டாக வேண்டும் என்ற பழைய பொதுச்சட்ட விதி ஒன்று இருந்தது. அதைப் பிடித்து 1944இல் ஜெயித்தார். இழப்பீடு ஐந்து கினி, அதாவது ஐந்தே கால் பவுண்டு. அந்த விதி தங்கும் விடுதிக்குத்தான், வெறும் பப்புக்குக் கிடையாது.

எனவே பப்கள் அடுத்த இருபது வருஷம் கறுப்பர்களையும் இந்தியர்களையும் விருப்பப்படி விரட்டின. 1964இல் பிரிஸ்டல் நகரின் பே ஹார்ஸ் பப்பில் பால் ஸ்டீபன்சன் என்ற கறுப்பின இளைஞருக்குப் பீர் மறுக்கப்பட்டது. பரிமாறாமல் எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்தார். போலீஸ் வந்து கைது செய்தது, நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. முந்தைய வருஷம் அதே ஊரில் கறுப்பர்களை வேலைக்கு எடுக்க மறுத்த பஸ் நிறுவனத்துக்கு எதிராகப் புறக்கணிப்பை நடத்தியவர் அவர். பர்மிங்காம் பக்கத்து ஸ்மெத்திக்கில் இந்தியத் தொழிலாளர் சங்கத்தின் அவதார் சிங் ஜௌல் இதே போராட்டத்தை நடத்திக்கொண்டிருந்தார். 1965 பிப்ரவரியில் அமெரிக்கக் கறுப்பின உரிமைப் போராளி மால்கம் எக்ஸ் அந்த ஊருக்கு வந்தபோது, நிறத்தடை எப்படி இருக்கும் என்று நேரில் காட்ட ஜௌல் அவரைக் கூட்டிக்கொண்டு போனது ப்ளூ கேட்ஸ் என்ற பப்புக்கு. அடுத்த சில நாட்களில் நியூயார்க்கில் மால்கம் எக்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே வருஷம் வந்த இன உறவுச் சட்டத்தில், இன அடிப்படையில் சேவை மறுக்கக்கூடாத இடங்களின் பட்டியலில் பப் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டது.

இன்றைய பப்காரரின் "யாரையும் மறுக்கலாம்" என்ற உரிமை இந்தச் சண்டைகளில் செதுக்கி மிச்சம் விடப்பட்டது. பலவீனமானவனை விரட்டும் பகுதி வெட்டப்பட்டுவிட்டது. சட்டம் இயற்றுகிறவனை விரட்டும் பகுதி இன்னும் இருக்கிறது. எனக்கு இதில் ஆட்சேபம் இல்லை.

எதிர்த்துப் பேசியவர்களின் ஒரு வாதத்தை மட்டும் ஒதுக்கித் தள்ள முடியாது. எம்.பி.க்களான ஜோ காக்ஸ் 2016இலும் டேவிட் அமெஸ் 2021இலும் தங்கள் தொகுதி மக்களைச் சந்திக்கும் வேலையில் இருந்தபோது கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு எம்.பி.க்கள் தெருவில் நடமாடுவதே குறைந்துவிட்டது. இன்னும் ஒரு கதவையும் சாத்தினால் எப்படி என்றார்கள். நியாயமான பயம். ஆனாலும் பிப்ரவரி மாதத்துச் சம்பளத்துக்குப் பணம் புரட்டும் பப்காரருக்கு, வருஷத்தில் இரண்டு தடவை போட்டோவுக்கு வரும் எம்.பி.யிடம் காட்ட வேறு என்ன இருக்கிறது? லண்டனில் கூட்டம் கூட்டலாம் என்றால் கடையைப் பூட்ட வேண்டும், டிசம்பரில் அவர்களுக்கு அது முடியாத காரியம். வருஷத்திலேயே வியாபாரம் சூடுபிடிப்பது அந்த மாதத்தில்தான்.

இந்த ஆயுதம் புதிதும் இல்லை, ஒரு கட்சிக்கு எதிரானதும் இல்லை. 2020 அக்டோபரில், விடுமுறை நாட்களிலும் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவச உணவு கொடுக்கக் கேட்டுக் கால்பந்து வீரர் மார்கஸ் ராஷ்ஃபோர்ட் பிரசாரம் செய்துகொண்டிருந்தார். அதற்கான தீர்மானம் நாடாளுமன்றத்தில் 261க்கு 322 என்று தோற்றது. உடனே வடக்கு யார்க்ஷயரில் ஸ்டோக்ஸ்லி ஊரின் பப் ஒன்று, எதிர்த்து வாக்களித்த அந்தப் பக்கத்து கன்சர்வேடிவ் எம்.பி.க்கள் நால்வருக்கு வாழ்நாள் தடை போட்டது. அதில் ஒருவர் அன்றைய நிதியமைச்சர், அந்த ஊரின் எம்.பி. ரிஷி சுனக். குடிக்காதவருக்குப் பப்பில் வாழ்நாள் தடை! இரண்டு வாரம் கழித்து அரசு பணிந்து, குளிர்கால உதவிக்கு 17 கோடி பவுண்டு ஒதுக்கியது. அது ராஷ்ஃபோர்டின் வெற்றி, பப்பின் வெற்றி என்று சொல்ல முடியாது.

ஆறு மாதம் கழித்து 2021 ஏப்ரலில், பாத் நகரின் ரேவன் பப்பில் வேறொரு காட்சி. அன்று எதிர்க்கட்சித் தலைவராக இருந்த கியர் ஸ்டார்மர் உள்ளாட்சித் தேர்தல் பிரசாரத்துக்கு வந்தார். ஊரடங்கை நீங்கள் ஏன் எதிர்க்கவில்லை என்று வெளியே மறித்துக் கேட்ட உரிமையாளர், ஸ்டார்மர் உள்ளே நுழைந்ததும் என் பப்பிலிருந்து வெளியே போ என்று கத்தினார். பாதுகாவலர்கள் உரிமையாளரைப் பிடித்து நிறுத்திய படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. பிரதமரான பிறகும் அவருக்கு இந்த ராசி விடவில்லை. ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் டிவி பிரபலம் ஜெரமி கிளார்க்சன் 2024இல் திறந்த ஃபார்மர்ஸ் டாக் பப்பில் முதல் தடை ஸ்டார்மருக்குத்தான் என்று அறிவிக்கப்பட்டது.

கிளார்க்சன் பெயர் வந்தாலே விவசாயிகளும் வருவார்கள். பத்து லட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட பண்ணைச் சொத்துக்கு வாரிசு வரி என்று 2024 பட்ஜெட் சொன்னதிலிருந்து அவர்கள் டிராக்டரோடு லண்டனுக்கு வந்துகொண்டே இருந்தார்கள். ஒரு வருஷத்துக்கும் மேல் அசையாமல் இருந்த அரசு, 2025 டிசம்பர் 23 அன்று அந்த வரம்பை 25 லட்சமாக உயர்த்தியது. கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால், செய்தி அடங்கிப்போகிற நேரத்தில். ஸ்டிக்கர் ஒட்டியவர்களுக்கு இது கண்ணில் படாமல் போயிருக்காது: இந்த அரசை நெருக்கினால் நகரும்.

எங்கே நெருக்கினார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. நிதியமைச்சர் பப்புக்குப் போகாவிட்டால் அவருக்கு ஒன்றும் குறையாது. நாடாளுமன்றத்துக்கு உள்ளேயே ஸ்ட்ரேஞ்சர்ஸ் பார் உட்பட எம்.பி.க்களுக்கென்று பார்கள் இருக்கின்றன, அங்கே யாரும் ஸ்டிக்கர் ஒட்டப்போவதில்லை. அடி விழுந்தது அமைச்சர் பதவி இல்லாத பின்வரிசை எம்.பி.க்களின் மேல். 2024இல் முதல் தடவையாக, பலரும் குறுகிய வித்தியாசத்தில் ஜெயித்து வந்தவர்கள். தொகுதிக்குத் திரும்பினால் ஊர்ப் பத்திரிகை கேட்கும் முதல் கேள்வி, உங்களை எந்தப் பப்பில் உள்ளே விடுகிறார்கள் என்பது. வாடகை மதிப்பு, பெருக்கு விகிதம், படிநிலை நிவாரணம் என்று விளக்க ஆரம்பித்தால் கேட்பவர் இரண்டாவது வாக்கியத்தில் நழுவிவிடுவார். கண்ணுக்குத் தெரியாத ஒரு வரிக்கணக்குக்குக் கதவில் ஒட்டுகிற அளவுக்கு ஒரு முகம் கொடுத்தது அந்த ஸ்டிக்கர். அது முகம் கொடுத்த பிறகு, அந்த எம்.பி.க்களே கருவூலத்தின், அதாவது நிதியமைச்சகத்தின், கதவைத் தட்ட ஆரம்பித்தார்கள்.

2026 ஜனவரி 27 அன்று கருவூல இணையமைச்சர் டான் டாம்லின்சன் நாடாளுமன்றத்தில் எழுந்து அறிவித்தார். இங்கிலாந்தின் எல்லாப் பப்களுக்கும், நேரடி இசை நிகழ்ச்சி நடக்கும் அரங்குகளுக்கும், ஏப்ரலில் வரும் புதிய பில்லில் 15 சதவீதம் கழிவு. அதற்கடுத்த இரண்டு வருஷம் பணவீக்கத்துக்கு மேல் பில் ஏறாது. சராசரி பப்புக்கு முதல் வருஷம் 1,650 பவுண்டு மிச்சம், முக்கால்வாசிப் பப்களுக்குப் பில் அப்படியே இருக்கும் அல்லது குறையும் என்றார்கள். நம் கற்பனைப் பப்பில் இதைப் போட்டுப் பார்த்தால் சரியாகத்தான் வருகிறது: 10,329இல் 15 சதவீதம் போனால் 8,780. பழைய பில்லைவிட 202 பவுண்டு குறைவு.

இப்போது அந்தப் பப்புக்குப் பக்கத்துக் கட்டடத்தில் ஒரு காபிக் கடை இருக்கிறது என்று வையுங்கள். அதே வாடகை மதிப்பு, அதே மறுமதிப்பீடு, அதே தள்ளுபடி போன கதை. அதன் பில் 10,329லேயே நிற்கிறது. உணவகத்துக்கும் ஹோட்டலுக்கும் அப்படியே. பெருக்குகிற கணக்கு ஒன்றுதான், ஆனால் கழிவு பப்புக்கு மட்டும். இதற்கு முந்தைய பப் நிவாரணங்களில் அரசு பப் என்று எதை ஏற்றது என்று பார்த்தால், எல்லோரும் உள்ளே வரலாம், சாப்பாடு வாங்கினால்தான் குடிக்கலாம் என்ற கட்டாயம் இல்லை, கவுன்டரில் போய் வாங்கிக் குடிக்கலாம் என்கிற மாதிரி நிபந்தனைகள். இரவு உணவுக்கு மேசை பதிவு செய்துவிட்டு வா என்று சொல்லும் இடம் கோட்டுக்கு வெளியே விழும். யூகே ஹாஸ்பிடாலிட்டி உடனே எங்களுக்கு எங்கே என்று கேட்டது. பதில் எளிது, கொஞ்சம் அநியாயமும்கூட: பப்பின் கதவு மூடினால் அது தலைப்புச் செய்தி, காபிக் கடை மூடினால் அதன் முதலாளிக்கு மட்டும்தான் செய்தி. காபிக் கடைக்காரர் எம்.பி.க்குத் தடை போட்டிருந்தால் யாராவது திரும்பிப் பார்த்திருப்பார்களா?

பப்களை மதிப்பிடும் முறையையே மறுபரிசீலனை செய்வோம் என்றும் அன்று சொன்னார்கள். உண்மையான சண்டை அங்கேதான் இருக்கிறது. விற்றுமுதலை வைத்து வாடகை மதிப்புப் போடும் அந்தப் பழைய வழி மாறாதவரை, பப்காரர் பைன்டுக்கு இருபது பென்ஸ் ஏற்றும் ஒவ்வொரு தடவையும் வருங்காலப் பில்லுக்கும் சேர்த்தே ஏற்றுகிறார். 15 சதவீதக் கழிவும் அதைத் தொடரும் இரண்டு வருஷ உறைநிலையும் 2029 மார்ச்சோடு முடிகின்றன. அடுத்த மறுமதிப்பீடு அமலுக்கு வருவது 2029 ஏப்ரலில். அடுத்த பொதுத்தேர்தலை அந்த வருஷம் ஆகஸ்டுக்குள் நடத்தியாக வேண்டும்.